ஆசிரியர் தினக் கடிகாரமும் ஓய்வு நாள் மோதிரமும்: பள்ளிப் பணியாளர்கள் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

பணியில் சேர்ந்த இரண்டாம் வருடம், செப்டம்பர் 5. எட்டாம் வகுப்பு 'பி' பிள்ளைகள் கலர் பேப்பர் சுற்றிய பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். பிரித்தால் சுவர்க் கடிகாரம், நடுவில் பச்சைக்கிளி படம். பூரித்துத்தான் போனேன். மறுநாள் கட்டுரை நோட்டுக் கட்டோடு வகுப்பு லீடரின் ரஃப் நோட்டும் சேர்ந்து வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் 'சார் கிஃப்ட் 20 ரூ' என்று தலைப்பு. கீழே 43 பெயர்கள், நேராக டிக். ஒரு பெயருக்கு நேராக மட்டும் 'நாளைக்கு' என்று எழுதி, அடித்து, மறுபடியும் 'நாளைக்கு' என்று எழுதி, அதையும் அடித்து, 'அம்மா வந்து தரும்' என்று இருந்தது. அந்த அம்மா தீப்பெட்டி ஒட்டப் போகிறவர்.

ஹெச்.எம்.மிடம் நோட்டைக் காட்டினேன். "இருபது ரூபாயைத் திருப்பிக் குடுத்தா அந்தப் பிள்ளைக்குத்தான் அவமானம். கடிகாரத்தை ஸ்டாக்ல ஏத்தி வகுப்பிலேயே மாட்டிடுங்க தம்பி. அடுத்த வருஷம் ஆகஸ்ட் மாசமே 'யாரும் காசு பிரிக்கக் கூடாது'ன்னு சொல்லிடுங்க" என்றார். இருப்புப் பதிவேட்டில் 'சுவர்க் கடிகாரம் – 1, மாணவர் அன்பளிப்பு' என்று என் கையாலேயே எழுதினேன்.

பரிசு விவகாரத்தில் எனக்குப் பின்னாளில் பிடிபட்ட இரண்டு விஷயங்கள் அந்த ஒரு நாளிலேயே இருந்தன. பொருளின் விலையைவிட, கொடுப்பவருடைய வேலை ஏதாவது உங்கள் மேசையில் கிடக்கிறதா என்பதே முதல் கேள்வி. அடுத்தது, வாங்கினாலும் மறுத்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும். கீழே வருவது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வேலை பார்க்கிற ஆசிரியர், கிளார்க், ஆய்வக உதவியாளர், வாட்ச்மேன் எல்லோருக்குமானது.

முதல் படி: உங்களை எந்த விதி கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள்

பாதிக் குழப்பம் இங்கேதான். அரசுப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர் என்றால் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள். கேந்திரிய வித்யாலயா என்றால் மத்திய அரசின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளை, அந்தப் பள்ளிகளை நடத்துகிற சங்கதன் என்ற அமைப்பு தன் ஊழியர்களுக்கும் பொருத்தியிருக்கிறது. இவை துறை நடவடிக்கைக்கானவை. மீறினால் மெமோ, விசாரணை, ஊதிய உயர்வு நிறுத்தம் என்று போகும்.

இவற்றுக்கு மேலே ஊழல் தடுப்புச் சட்டம், 1988 இருக்கிறது. அது கிரிமினல் சட்டம். இதில் நிதியுதவி பெறும் பள்ளிக்காரர்கள் பலர் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. "நாங்க கவர்மெண்ட் ஸ்டாஃப் இல்லையே, மேனேஜ்மெண்ட் ஸ்டாஃப்தானே" என்பார்கள். சட்டத்தின் 2ஆம் பிரிவில் 'பொதுப் பணியாளர்' யார் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. மத்திய, மாநில அரசிடமோ உள்ளாட்சி அமைப்பிடமோ நிதியுதவி பெறுகிற கல்வி நிறுவனத்தின் ஊழியர் அதில் வருகிறார். முன்னே பெற்றிருந்த நிறுவனத்தின் ஊழியரும் வருகிறார். சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறதா, நிர்வாகத்தின் கையிலிருந்து வருகிறதா என்று அந்த வரி பிரித்துப் பார்ப்பதில்லை. எனவே நிதியுதவிப் பள்ளியின் சுயநிதிப் பிரிவில் வேலை பார்க்கிறவரும் 'எனக்குப் பொருந்தாது' என்று துணிந்து இருந்துவிட முடியாது.

அரசு உதவியே வாங்காத தனியார் பள்ளி என்றால் உங்களைக் கட்டுவது பணி ஒப்பந்தமும் பள்ளியின் நடத்தை விதியும். ஆனால் அதே தனியார் பள்ளி ஆசிரியர் அரசுப் பொதுத்தேர்வுக்குப் புறத்தேர்வாளராகவோ விடைத்தாள் திருத்தவோ போனால், அந்த நாட்களில் அவர் செய்வது பொதுக் கடமை. அன்றைக்கு அவர் மேலேயும் அந்தச் சட்டத்தின் நிழல் விழும்.

இரண்டாம் படி: 'பரிசு' என்றால் பொட்டலம் மட்டும்தானா?

மத்திய விதியின் 13ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. இலவசப் பயணம், இலவசச் சாப்பாடு, தங்குமிடம், வேறு சேவை, பண மதிப்புள்ள வேறு எந்த வசதியும் பரிசுதான். நெருங்கிய உறவினரும், அலுவல் தொடர்பே இல்லாத சொந்த நண்பரும் தருவது மட்டும் விலக்கு. அதே விதியில் மனிதத்தனமான ஒரு குறிப்பும் உண்டு: எப்போதாவது ஒருவேளைச் சாப்பாடு, வழியில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது, சாதாரண விருந்தோம்பல் இவை பரிசாகாது. அடுத்த வரியிலேயே, அலுவல் தொடர்புள்ளவரிடம் ஆடம்பர விருந்தையும் அடிக்கடி விருந்தையும் தவிர்க்கச் சொல்கிறது.

அதாவது மழையில் நனைந்துகொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கிற டீச்சரை மாணவியின் அப்பா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால் அது லிஃப்ட். அதே ஆட்டோ ஜூன் முதல் ஏப்ரல் வரை தினமும் காலை எட்டு மணிக்கு வாசலில் இலவசமாக வந்து நின்றால் அது பரிசு.

ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது 'முறையற்ற ஆதாயம்' என்ற சொல் உள்ளே வந்தது. சட்டப்படியான ஊதியம் தவிர எந்த ஆதாயமும் அதில் அடங்கும். அது பணமாகவோ பணத்தால் அளக்கக் கூடியதாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை என்று சட்டமே சொல்கிறது. மகனுக்கு வேலை, மகளுக்கு காலேஜ் சீட், வீட்டுக்கு போர் போடும்போது பாதி விலை எல்லாம் இதற்குள் வந்துவிடும். 11ஆம் பிரிவைத் தனியாகக் கவனியுங்கள். உங்களிடம் அலுவல் இருக்கிற, அல்லது வரப்போகிற ஆளிடமிருந்து இலவசமாகவோ, தெரிந்தே அடிமாட்டு விலைக்கோ ஆதாயம் பெற்றால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. 'காசு கொடுத்துத்தான் சார் வாங்கினேன்' என்று சொன்னால், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

வீட்டாரை முன்னே நிறுத்துவதும் உதவாது. பணம் மூன்றாம் ஆள் வழியாக வந்தாலும் குற்றம் குற்றமே என்று லஞ்சம் வாங்குவதைப் பற்றிய 7ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. "நான் வாங்கல, வீட்ல குடுத்துட்டுப் போனாங்க" என்பது எல்லா விசாரணை அலுவலரும் கேட்டுச் சலித்த வாக்கியம்.

மூன்றாம் படி: மேசையைப் பாருங்கள்

ஒருவர் எதையாவது நீட்டும்போது மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியது இதுதான். இவர் பிள்ளை என் வகுப்பில் படிக்கிறதா? டி.சி., போனஃபைட், வருகைச் சான்று எதற்காவது காத்திருக்கிறாரா? செய்முறை மதிப்பெண், அக மதிப்பீடு என் கையில் இருக்கிறதா? சீருடை, நோட்டு, வேன், கேன்டீன், கட்டட வேலை என்று பள்ளிக்கு ஏதாவது விற்கிறவரா, விற்க வரப்போகிறவரா? நான் மேலலுவலராக இருந்தால், இவர் அரியர்ஸ் பில்லோ மெடிக்கல் லீவோ என்னிடம் கிடக்கிறதா?

ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் விலையைக் கணக்குப் போடுவதில் பொருளில்லை. எதுவும் கிடக்கவில்லை, அவர் உங்கள் பெரியம்மா மகன், வந்தது உங்கள் மகள் சடங்கு என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

'வேலையை ஒழுங்காத்தானே செஞ்சேன், அதுக்கு அப்புறம் அவரா சந்தோஷமா குடுத்தாரு' என்ற வாதம் ரொம்பப் பிரபலம். 7ஆம் பிரிவின் கீழே சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: வழக்கமான ரேஷன் கார்டு விண்ணப்பத்தை நேரத்துக்கு முடித்துத் தர ஒருவரிடம் ஐயாயிரம் ரூபாய் கேட்கிற பொதுப் பணியாளர் குற்றவாளி. சரியான வேலையை, சரியான நேரத்தில் செய்ததற்கு வாங்கினாலும் குற்றம்தான். ரேஷன் கார்டு இருக்கிற இடத்தில் டி.சி.யை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். தண்டனை மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

நம் ஊரில் 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். நல்ல பழமொழி. ஆனால் மதிப்பெண் போடுகிற நேரத்தில் உப்பிட்டவர் ஞாபகத்துக்கு வருவதுதான் சிக்கல். திண்ணைப் பள்ளிக்கூட காலத்தில் வாத்தியாருக்கு நெல்லும் காய்கறியும் விசேஷ நாளில் காசும் கொடுத்தார்கள் என்றால், அதுதான் அவருக்குச் சம்பளம். இன்றைக்கு மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடுகிறது. அந்த வழக்கத்தை இப்போது துணைக்கு அழைக்க முடியாது.

நான்காம் படி: வாங்கலாம் என்றால், எந்த அளவுக்கு, யாரிடம் சொல்லிவிட்டு?

கேந்திரிய வித்யாலயா ஊழியர்களுக்கு எண்கள் தெளிவாக இருக்கின்றன. திருமணம், ஆண்டு நிறைவு, இழவு, சமயச் சடங்கு போன்ற நேரங்களில் ஊர் வழக்கப்படி நெருங்கிய உறவினரும் அலுவல் தொடர்பில்லாத சொந்த நண்பரும் தருவதை வாங்கலாம். ஆனால் மதிப்பு 'ஏ' பிரிவுப் பணியில் 25,000 ரூபாய், 'பி' பிரிவில் 15,000, 'சி' பிரிவில் 7,500 இவற்றைத் தாண்டினால் அறிக்கை கொடுக்க வேண்டும். மற்ற எந்தச் சந்தர்ப்பத்திலும் 'ஏ', 'பி' பிரிவினர் 5,000 ரூபாய்க்கு மேலும் 'சி' பிரிவினர் 2,000 ரூபாய்க்கு மேலும் முன் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. முதல் வகைக்குச் சொன்னால் போதும், இரண்டாம் வகைக்குக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். இந்த வித்தியாசம் முக்கியம்.

5,000 வரை தாராளமாக வாங்கலாம் என்று இதைப் படித்துவிடாதீர்கள். அது அனுமதி கேட்கத் தேவையில்லாத எல்லை, அவ்வளவுதான். டி.சி.க்காக வந்த 500 ரூபாய், எல்லைக்குள் இருப்பதாலேயே சுத்தமாகிவிடாது.

மாநில அரசு ஊழியர்களுக்கும் இதே அமைப்புத்தான்; தொகைகள் வேறு, அரசாணைகளால் அவ்வப்போது மாறுபவை. வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிற பழைய பிடிஎஃப்பை நம்பாமல், அலுவலகக் கண்காணிப்பாளரிடம் நடப்பு ஆணையின் நகலை வாங்கிப் பாருங்கள். வரதட்சணைக்கு மட்டும் 'இவ்வளவு வரை வாங்கலாம்' என்ற பேச்சே இல்லை, எங்கேயும் எப்போதும் கூடாது.

வருமான வரியும் ஓரமாக நிற்கிறது. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் வந்த பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகும். சொந்தத் திருமணத்துக்கு வந்த மொய்க்கு விலக்கு உண்டு.

ஐந்தாம் படி: மறுப்பது எப்படி

விதியைத் தெரிந்துகொள்வது சுலபம். வாசலில் நிற்கிற மனிதரிடம் 'வேண்டாம்' என்று சொல்வதுதான் கஷ்டம். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், பள்ளிக்கு நோட்டு சப்ளை செய்கிற அண்ணாச்சி ஒருவர் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தார். என் மனைவி உள்ளே வைத்துவிட்டாள். சாயங்காலம் பிள்ளைகள் மேலடுக்கு மைசூர்பாகைக் காலி செய்த பிறகு, பட்டர் பேப்பருக்குக் கீழே கவர். நல்லவேளை, எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் மனசு கணக்குப் போட ஆரம்பித்திருக்கும்.

அன்றைக்கே போன் போட்டேன். "அண்ணாச்சி, ஸ்வீட் நல்லா இருந்துச்சு. கவரை மறந்து வச்சிட்டீங்க போல. நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து ஹெச்.எம். முன்னாடி வாங்கிக்கிடுங்க."

"அட சார், பிள்ளைகளுக்குப் பட்டாசு வாங்கத்தானே..."

"பட்டாசு வாங்கியாச்சு அண்ணாச்சி. நீங்க வரலைன்னா நானே கடைக்கு வந்து குடுத்து, உங்க லெட்டர்பேடுல 'திரும்பப் பெற்றேன்'னு எழுதி வாங்கிட்டு வந்துருவேன்."

வந்து வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவருக்கு என்மேல் மரியாதை கூடியதாகவெல்லாம் தெரியவில்லை. அடுத்த தீபாவளிக்கு வெறும் காலண்டர் வந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பள்ளித் தொடர்புள்ள யார் எதைக் கொண்டுவந்தாலும் 'அவர் வந்ததும் சொல்றேன்' என்று வாசலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். கவரைப் பிரிக்காதீர்கள். திருப்புவது 24 மணி நேரத்துக்குள் நடக்கட்டும், சாட்சியோடு நடக்கட்டும். கூரியரில் வந்தால் அனுப்பியவருக்கே ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் போகட்டும்.

கெட்டுப்போகிற பொருளாக இருந்தால், அதாவது பழக்கூடை, ஸ்வீட், கேக் என்றால், திருப்ப முடியாது. ஸ்டாஃப் ரூமிலோ வகுப்பிலோ எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டு, பங்கிட்டதை எழுதி வையுங்கள். பிள்ளை தன் கையால் செய்த வாழ்த்து அட்டை, தோட்டத்துச் செம்பருத்தி, பிறந்தநாள் சாக்லேட் இதையெல்லாம் மறுக்கிறவர் விதியையும் பிள்ளையையும் ஒருசேரப் புரிந்துகொள்ளாதவர். வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எழுதிக் கொடுங்கள்

ஒரு பக்கம் போதும். சந்தேகம் உள்ள எதற்கும் அன்றைக்கோ மறுநாளோ தலைமையாசிரியருக்கு இப்படி எழுதலாம்:

"பொருள்: அன்பளிப்பு வரப்பெற்றது – தகவல் அளித்தல் – சார்பாக.
ஐயா, இன்று (தேதி) மாலை 5 மணியளவில் நம் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் வழங்கும் நிறுவனத்தின் பிரதிநிதி என் இல்லத்தில் இனிப்புப் பெட்டி ஒன்றை அளித்துச் சென்றார். அதனுள் உறை ஒன்று இருப்பது பின்னர் தெரியவந்தது. உறை பிரிக்கப்படவில்லை. அதனை அவரிடமே திருப்பி அளிக்கவும், அதுகுறித்துப் பதிவு செய்யவும் பணிவுடன் வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையோடு ஒப்புதல் வாங்கி உங்கள் ஃபைலில் வையுங்கள். வந்த பொருள், வந்த நாள், கொடுத்தவர், உத்தேச மதிப்பு, என்ன செய்யப்பட்டது என்று ஐந்து கலம் போட்ட 80 பக்க நோட்டு ஒன்று பள்ளியிலேயே இருந்தால் இன்னும் நல்லது. அன்பளிப்பு தலைமையாசிரியருக்கே வந்தால் கடிதம் அவருடைய மேலலுவலருக்குப் போக வேண்டும். தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்வது செல்லாது.

ஏழாம் படி: பள்ளிக்கு வருவதையும் உங்களுக்கு வருவதையும் பிரியுங்கள்

தமிழ்நாட்டு ஊர்களில் 'கல்விச் சீர்' என்றொரு அழகான வழக்கம் இருக்கிறது. தாய்மாமன் சீர் போல, மேளதாளத்தோடு ஊரே பீரோ, மின்விசிறி, நாற்காலி, நோட்டுக் கட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்கு ஊர்வலமாக வருவார்கள். இது பள்ளிக்கு வரும் சீர். வருகிற ஒவ்வொரு தட்டையும் அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றி, கொடுத்தவருக்கு ரசீதோ ஒப்புகைக் கடிதமோ கொடுத்து, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதிவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். வரவைக் கண்காணிப்பது அவர்களுடைய வேலைதான்.

பணமாக வந்தால் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கோ ஜிபே நம்பருக்கோ வரவே கூடாது. குழுவின் வங்கிக் கணக்குக்குக் காசோலையாகவோ நேரடிப் பரிமாற்றமாகவோ போகட்டும். பெரிய தொகையும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் என்றால் 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழி இருக்கிறது. நல்ல மனசோடு ஊர்க்காரர்களிடம் வசூலிக்கக் கிளம்புகிற இளம் ஆசிரியர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவதே நடத்தை விதி மீறல். கழிப்பறை கட்டத்தான் பிரித்தேன் என்றாலும் கேள்வி வரும்.

சேர்க்கைக்காக 'நன்கொடை' கேட்பது வேறு விவகாரம். கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. அபராதம் வாங்கிய தொகையின் பத்து மடங்கு வரை போகலாம். தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டிலிருந்தே கட்டாய நன்கொடைக்குத் தனித் தடைச் சட்டம் இருக்கிறது.

அதிகம் வழுக்கும் சில இடங்கள்

டியூஷன். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஒரே வரி: எந்த ஆசிரியரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக் கூடாது. மனைவி பெயரில் போர்டு மாட்டி, மாடியில் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கே தான் பாடம் எடுத்தால் போர்டில் யார் பெயர் இருந்தாலும் ஒன்றுதான். அதிலும், வராத பிள்ளைக்கு அக மதிப்பீட்டில் கை இறுகுகிறது என்று ஊருக்குள் பேச்சு கிளம்பினால், விதி மீறலாக இருந்தது ஊழல் புகாராக மாறிவிடும்.

கைடு ஏஜென்ட். ஜூன் மாதம் பையோடு வருவார். பார்க்கத் தருகிற ஒரு மாதிரிப் பிரதியை நூலகத்தில் ஏற்றிவிடலாம். 'உங்க ஸ்கூல்ல நூறு காப்பி போனா இவ்வளவு' என்று பேச்சு திரும்பும்போது எழுந்துவிடுங்கள். குடும்பத்தார் நடத்துகிற இன்சூரன்ஸ் ஏஜென்சிக்கோ கமிஷன் வியாபாரத்துக்கோ ஆள் பிடித்துக் கொடுப்பதும் மத்திய விதிகளில் தனியாகவே தடை செய்யப்பட்டிருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அம்மாக்களிடம் ஹெல்த் பவுடர் டப்பாவை நீட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

செய்முறைத் தேர்வு. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே மாட்டோம். எக்ஸ்டர்னல், அதாவது புறத்தேர்வாளர், வருகிறார் என்றால் காலையில் இளநீர், பதினொன்றுக்கு பஜ்ஜி, மதியம் மட்டன் பிரியாணி, சாயங்காலம் கிளம்பும்போது ஒரு பை. காசு யாருடையது? பல இடங்களில் பிள்ளைகளிடம் 'லேப் செலவு' என்று பிரித்தது. வெளியூரிலிருந்து வந்தவருக்கு மதியச் சாப்பாடு போடுவது மனிதாபிமானம், அதில் தப்பில்லை. நான் எக்ஸ்டர்னலாகப் போன இடங்களில், ஸ்டாஃப் எல்லோரும் சாப்பிடுகிற அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, பையை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டு வருவேன். "சார் பையை மறந்துட்டீங்க" என்று பஸ் ஸ்டாண்ட் வரை ஒரு பையன் ஓடிவந்ததும் உண்டு. "மறக்கலப்பா, நீயே வீட்டுக்குக் கொண்டுபோ" என்றேன். இப்போது யோசித்தால் அதுவும் சரியில்லை. இன்டர்னலான அந்தப் பள்ளி ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும்.

ஆய்வு அலுவலர் வருகைக்கு ஆசிரியர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதும் இதே கணக்குதான்.

மீறினால் என்ன ஆகும்

புகார் வந்தால் மாநிலத்தில் விசாரிப்பது ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், நாம் பேச்சில் 'லஞ்ச ஒழிப்பு' என்கிறோமே அதுதான். இலவசத் தொலைபேசி எண் 1064. 'ரசாயனம் தடவிய நோட்டு' என்று பேப்பரில் அடிக்கடி படிப்பீர்கள். தடவுவது பினாஃப்தலீன், வேதியியல் ஆசிரியர்கள் டைட்ரேஷனில் சொட்டு விடுகிற அதே பொருளின் தூள். நோட்டைத் தொட்ட விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பாகும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, முத்திரை வைத்து, வேறு துறை ஊழியர்களைச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வைப்பார்கள்.

48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தானாகவே தற்காலிகப் பணிநீக்கம். பிறகு துறை விசாரணைக்கான 17(பி) குற்றச்சாட்டு மெமோ ஒரு பக்கம், நீதிமன்றம் ஒரு பக்கம். புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆகிவிட்டாலோ இறந்துவிட்டாலோ தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் இப்போது வேண்டாம்: கேட்டதையும் வாங்கியதையும் சூழ்நிலைச் சான்றுகளை வைத்தும் நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம், ஏழாண்டு வரை சிறை. வேறு வழியில்லாமல் கொடுக்க நேர்ந்தால் ஏழு நாளுக்குள் காவல் துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்துவிட்டால் உங்கள்மேல் குற்றமில்லை. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத்துறையிடம் சொல்லிவிட்டுக் கொடுத்தாலும் பாதுகாப்பு உண்டு.

கடைசியில் ஓய்வு நாள்

பிரிவு உபசார விழா என்றாலே மோதிரம், சால்வை, குரூப் போட்டோ, கறிச்சோறு. மத்திய விதிகளின் 14ஆம் விதி இதை மொத்தமாகத் தடுக்கவில்லை. ஓய்வு பெறும்போதோ மாறுதலாகும்போதோ நடக்கிற, பெரும்பாலும் தனிப்பட்ட, எளிமையான வழியனுப்பு விழாவுக்கு இடம் தருகிறது. ஆனால் இரண்டு கடிவாளம் போடுகிறது: காசு கொடுக்கும்படி எந்த ஊழியரையும் எந்த வகையிலும் நெருக்கக் கூடாது, மேல்நிலை அலுவலரின் விழாவுக்குக் கடைநிலை ஊழியர்களிடம் வசூலிக்கவே கூடாது. எந்த வகைப் பள்ளியாக இருந்தாலும் இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். ஓய்வு பெறுபவர் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஸ்டாஃப் செகரட்டரியிடம் தன் விருப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். வசூல் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும், பெயருக்கு நேரே தொகை போட்டு வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவதும் வேண்டாம். வகுப்பு லீடர் போட்ட டிக்கும் அதுவும் ஒன்றுதான். மாணவர்களிடம் பைசா வாங்கக் கூடாது. பழைய மாணவர்கள் சேர்ந்து எதையாவது செய்ய ஆசைப்பட்டால், அவர்களில் யாருடைய பிள்ளையாவது இப்போது அதே பள்ளியில் படிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெரும்பாலும் பள்ளிக்கே செய்யச் சொல்லுங்கள்.

என் முறை வந்தபோது எங்கள் ஸ்டாஃப் செகரட்டரி அளவு எடுக்க விரலில் நூல் சுற்ற வந்தார். "மோதிரம் வேண்டாம் தம்பி, துப்புரவு பாக்கியத்தம்மாகிட்ட எவ்வளவு கேட்டீங்க?" என்றேன். "நூறுதான் சார், அவங்களாத்தான்..." என்று இழுத்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பாக்கியத்தம்மாவே வந்துவிட்டார். "எம் பேரை மட்டும் லிஸ்ட்ல ஏன் அடிச்சீங்க சார்?" என்று சண்டை. விழாவுக்கு அவர் தன் வீட்டு முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்தார். சாம்பாரில் போட்டு எல்லோரும் சாப்பிட்டோம்.